இடது விலாவுக்குக் கீழே ஒரு நீர்க்கட்டி

மார்ச் 4, செவ்வாய்

இருபது வருடமாக ஊரார் உடம்பையெல்லாம் அளந்து துணி வெட்டிய நான் இன்றுதான் என்னை அளந்தேன். பட்டறையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளித் துண்டு மிச்சம் கிடந்தது. எனக்கே ஒரு கோட் வெட்டிக்கொள்ளலாம் என்று ஆசை.

இடுப்பில், முன் நடுக்கோட்டிலிருந்து பக்கத் தையல் வரை: வலது இருபத்திரண்டு சென்டிமீட்டர். இடது இருபத்து நாலரை. நாடாவைத் திருப்பிப் போட்டு அளந்தேன். அதேதான். இஸ்திரி போடும் அக்காவை அளக்கச் சொன்னேன். "மாஸ்டர், நீங்க கோணலா நிக்கிறீங்க" என்றாள். நேராக நின்றேன். அப்போதும் அதேதான்.

யாருக்கும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது. ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒரு இடுப்பு தூக்கியிருக்கும். அரை சென்டிமீட்டர், மிஞ்சினால் ஒன்று. இரண்டரையை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 5, புதன்

படுத்தால் இடது தோள் வலிக்கிறது. தோளை அமுக்கினால் அங்கே வலி இல்லை. பிறகு எங்கே வலிக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

பாதித் தட்டிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. யோசித்தால் இப்படி ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். அளவு விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் புத்தி வேறு எங்கே போகும்? "ரெண்டு கண்ணுக்கும் பவர் வேற வேறயா இருக்கறதில்லையா? அது மாதிரி உனக்கு இடுப்பு." சிரித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அவரே வந்து, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்.

மார்ச் 12, புதன்

வயிற்றில் குளிர்ச்சியான பசையைத் தடவி ஸ்கேன் டாக்டர் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். வலப்பக்கம் மளமளவென்று முடிந்தது. இடப்பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க. மறுபடி இழுங்க.

"சாப்பிட்டா சீக்கிரம் நிறைஞ்சிடுதா?"

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கரிய வட்டம். அவ்வளவு சுத்தமான வட்டத்தை நான் சாக்பீஸால் வரைந்ததே இல்லை. கறுப்பாகத் தெரிந்தால் தண்ணீராம்.

"மண்ணீரல்ல நீர்க்கட்டி. குறுக்களவு பதிமூணு சென்டிமீட்டர். இது இரைப்பையை நெருக்குது, அதான் பாதியிலயே நிறையுது. மேல உதரவிதானத்தையும் இடிக்குது. அங்க இடிச்சா தோள்லதான் வலிக்கும், ரெண்டுக்கும் நரம்பு ஒண்ணு."

பட்டறைக்கு வந்ததும் மேசையில் பதிமூன்று சென்டிமீட்டரில் ஒரு வட்டம் போட்டேன். டீ சாஸரை வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் உடம்பே எனக்குச் செய்திருக்கிறது.

பயப்பட வேண்டும்தான். ஆனால் சாயங்காலம் முழுவதும் அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, வியாழன்

மண்ணீரல். பள்ளியில் படத்துக்குக் கோடு இழுத்துப் பெயர் எழுதியதோடு சரி, முப்பத்தொன்பது வயதுவரை அதைப் பற்றி நினைத்ததே இல்லை. இதயத்துக்குப் பாட்டு இருக்கிறது, ஈரலுக்கு வசவு இருக்கிறது, குடலுக்குப் பழமொழிகூட இருக்கிறது. இதைப் பற்றி எவரும் எதுவும் பேசிக் கேட்டதில்லை. பாவமாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அறுவைச் சிகிச்சை டாக்டரம்மாவைப் பார்த்தோம். குள்ளம், மெதுவான குரல், நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். லைனிங் வச்ச கோட்டும் உண்டு, வைக்காத கோட்டும் உண்டு இல்லையா?"

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று வட்டம் போட்டார். முதல் வட்டம்: பிறக்கும்போதே வந்த கட்டி. அதற்கு உள்பக்கம் மெல்லிய தோல் லைனிங் இருக்கும், அந்த லைனிங்தான் நீரைச் சுரக்கும். இரண்டாவது: எப்போதோ அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டி, அது கரைந்து நீராகி, சுற்றிலும் தழும்பு சுவர் எழுப்பிக்கொண்டது. அதற்கு லைனிங் கிடையாது. மூன்றாவது: நாயிடமிருந்து வரும் ஒரு புழு கட்டிக்கொண்ட வீடு.

"மூணும் ஸ்கேன்ல அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அதனாலதான் கேக்கறேன். வயித்துல எப்பவாவது அடி பட்டிருக்கா?"

"இல்லை" என்றேன்.

"நாய் வளர்க்கறீங்களா?"

இருவரும் ஆமாம் என்று தலையாட்டினோம். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஊசி போட்டு உறிஞ்சிவிட முடியாதா என்று கேட்டேன். "உறிஞ்சலாம். லைனிங் உள்ளயே இருந்தா மறுபடி ஊறிடும். புழுக்கட்டியா இருந்து ஒரு சொட்டு வெளிய கசிஞ்சா உடம்பு தாங்காது, அங்கயே உயிருக்கு ஆபத்து. என்னன்னு தெரியாம குத்தவே கூடாது."

இவ்வளவு பெரிதானதை அப்படியே விடவும் முடியாதாம். ஒரு விழுதல், ஒரு இடி போதும், உடைந்துவிடும்.

இரத்தம் எடுத்தார்கள். புழுவா இல்லையா என்று தெரியப் பத்து நாளுக்கு மேல் ஆகும்.

மார்ச் 19, புதன்

எங்கள் நாய்க்குக் குண்டன் என்று பெயர். அவர் காலையிலிருந்து அதைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார். "உண்மையைச் சொல்லுடா" என்கிறார். அது வாலை ஆட்டுகிறது. கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போய்ப் பூச்சி மருந்து கொடுத்தோம். அங்கே எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு வந்தது.

மார்ச் 22, சனி

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். கட்டி, பதிமூன்று சென்டிமீட்டர், மூன்று வட்டம், எல்லாம். அவன் குறுக்கே பேசவே இல்லை. குறுக்கே பேசாத அண்ணனை எனக்குப் பழக்கமில்லை.

"அடி பட்டுச்சான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன்."

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அண்ணன் வாசலில் நிற்கிறான். பஸ் டிரைவர் சீருடையைக்கூட மாற்றவில்லை. இரவு டூட்டி முடிந்து, வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில் மூன்று மணி நேரம் பயணிகள் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னான்.

"சைக்கிள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தண்ணித் தொட்டி மேடு. நீ பின்னாடி உக்காந்திருந்தே. நான் ரெண்டு கையையும் விட்டேன்."

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எனக்குப் பதினொன்று, அவனுக்குப் பதினாறு. மேட்டிலிருந்து இறங்கும்போது இரண்டு கையையும் விட்டுக் காட்டினான். நான் பறந்து விழுந்தேன், என்மேல் சைக்கிள் விழுந்தது, கைப்பிடி இடது விலாவில் குத்தியது. கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. அதுவரை முட்டிச் சிராய்ப்பு மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவன் கெஞ்சினான், அப்பாவிடம் சொல்லாதே என்று. சொல்லவில்லை. ஒரு வாரம் வயிற்றுவலி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று அப்பா திட்டினார். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இருபத்தெட்டு வருஷமா உன் வயித்துல நான் வச்சதுதான் இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா போனபோதுகூட பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதான்.

அவர் மெதுவாக, "மச்சான், முதல்ல உள்ள வாங்க" என்றார்.

மார்ச் 27, வியாழன்

சிடி ஸ்கேன். மருந்து ஏற்றும்போது தொண்டையிலிருந்து தொடை வரை சுடுதண்ணீர் ஓடியது போல் இருந்தது. அரை நிமிடம்தான். படத்தில் கட்டியின் சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புழு இல்லை. குண்டன் விடுதலை.

சைக்கிள் கதையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். சுண்ணாம்புப் படிவைக் காட்டி, "அப்ப பழைய அடியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா வெளிய எடுத்து சுவரை மைக்ராஸ்கோப்புல பாக்காம நான் எழுதித் தர மாட்டேன்" என்றார். அண்ணனும் கூடவே இருந்தான். 'பழைய அடி' என்றதும் தலையைக் குனிந்துகொண்டான்.

திட்டம் இது. நாலு சிறு துளை. கட்டி மண்ணீரலின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. மண்ணீரலுக்குப் போகும் இரத்தக்குழாய் உள்ளே நுழையுமுன் கிளை கிளையாகப் பிரிகிறது. கீழ்க்கிளைகளை மட்டும் கட்டினால் அந்தப் பகுதி நிறம் மாறிவிடுமாம். மேலே சிவப்பு, கீழே கருநீலம், நடுவே தெளிவாக ஒரு கோடு. அந்தக் கோட்டில் வெட்டுவார்கள்.

உடம்பே மார்க் பண்ணிக் கொடுக்கிறது. எனக்குப் புல்லரித்தது.

"ஏன் முழுசா எடுத்தா என்ன?" என்று அண்ணன் கேட்டான்.

"எடுத்தாலும் வாழலாம். ஆனா சில கிருமி வந்தா அடிச்சுப் போட்டுடும். காய்ச்சல்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்க முடியாது, உடனே ஓடணும். ஆயுசுக்கும் அந்தப் பயம் இருக்கும். மூணுல ஒரு பங்கு மிஞ்சினாலும் காவலுக்கு ஆள் இருக்கும். முயற்சி பண்ணுவேன். இரத்தம் நிக்கலைன்னா முழுசா எடுத்துடுவேன். அதுக்கும் கையெழுத்து வேணும்."

போட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்று தடுப்பூசி. முழுவதும் எடுக்க நேர்ந்தால் என்பதற்காக, இரண்டு வாரம் முன்பே போட வேண்டுமாம். இரண்டு கையும் தூக்க முடியவில்லை. அவர் தலை வாரிவிட்டார், கோணல் வகிடு.

ஏப்ரல் 10, வியாழன்

அண்ணன் தினம் இரண்டு தடவை போன். சாப்பிட்டியா, தூக்காதே, குனியாதே. இரத்த வங்கியில் போய் என் பேரைச் சொல்லி இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நான் என்ன சொன்னாலும் "சரிம்மா." சின்ன வயதில் ஒரு ரப்பருக்கு என் முடியைப் பிடித்து உலுக்கியவன்.

உண்மையை எழுதுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். அவன் இப்படி அடங்கி நடப்பது எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 21, திங்கள்

நாளை ஆபரேஷன். பிற்பகலில் அறை கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணி மேல் நின்று சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்.

இத்தனை நாள் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தேன். இப்ப பயமா இருக்கு. துணியைத் தப்பா வெட்டிட்டா வேற துணி எடுக்கலாம். இதுக்கு எங்க போறது? நான் எழுந்திருக்கலைன்னா அவர் டீ போடக்கூட — இல்லை, டீ நல்லாவே போடுவார். அண்ணன்தான். அண்ணன் அதுக்கப்புறம் இருக்க மாட்டான்.

ஏப்ரல் 25, வெள்ளி

உயிரோடு இருக்கிறேன். இருமினால் வலியில் ஈரேழு உலகமும் தெரிகிறது.

ஏப்ரல் 28, திங்கள்

இப்போது உட்கார்ந்து எழுத முடிகிறது.

இரண்டரை மணி நேரம் என்றார்கள், நாலே கால் ஆனதாம். கட்டியின் மேல்பகுதி உதரவிதானத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கும்போது ஒரு சிறிய குழாய் கிழிந்துவிட்டது. நர்ஸ் வெளியே வந்து ஒரு பாட்டில் இரத்தத்துக்குக் கையெழுத்து வாங்கியபோது அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான் என்று அவர் சொன்னார். அவரும் உட்கார்ந்திருப்பார், அதை மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா அறைக்கே வந்து போனில் வீடியோ காட்டினார். பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லும் முன்பே கை நீட்டியிருந்தேன்.

என் உள்பக்கம் இவ்வளவு நிறமாக இருக்குமென்று நினைக்கவில்லை. மஞ்சள், ரோஜா, பளபளப்பு. கட்டி நீலம் கலந்த வெள்ளை, பெரிய முட்டை மாதிரி. குழாயில் உறிஞ்சினார்கள். ஒரு லிட்டருக்கு மேல், தேநீர் நிறம், அதில் ஜிகினா போட்டது போல் மின்னுகிறது. கொழுப்புப் படிகமாம். பை சுருங்கியது. பிறகு இரத்தக்குழாய்க் கிளைகளுக்குக் கிளிப் போட்டார்கள். மண்ணீரலின் கீழ்ப்பாதி கறுத்துக்கொண்டே வந்தது, மேலே சிவப்பு அப்படியே நின்றது. கோடு. நேர்க்கோடு இல்லை, தோள் வளைவு மாதிரி ஒன்று.

"இந்த எடத்துலதான் இரத்தம். ரெண்டு நிமிஷம் பாப்போம், நிக்கலைன்னா முழுசா எடுத்துடலாம்னு சொல்லிட்டேன்."

"நின்னுடுச்சா?"

"ஒண்ணே முக்கால் நிமிஷத்துல."

மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கிறது. கடைசி வரை பார்த்தேன். மறுபடி ஒரு தடவை போடச் சொன்னேன். "உங்கள மாதிரி நோயாளியைப் பார்த்ததில்லை" என்றார்.

கட்டியின் சுவரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மே 8, வியாழன்

லைனிங் இருக்கிறது.

அறிக்கையை இரண்டு தடவை படித்தார் டாக்டரம்மா. உள்பக்கம் முழுக்க மெல்லிய தோல் அடுக்கு, விட்டுப் போகாமல். "நான் நினைச்சது தப்பு. இது பிறவியிலயே வந்தது. உங்க அம்மா வயித்துல நீங்க உருவாகும்போதே சின்னதா இருந்திருக்கும். சைக்கிளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"அந்தச் சுண்ணாம்பு?"

"அது இதுலயும் வரும். மொத்தச் சுவரையும் எடுத்தாச்சு, திரும்ப வர வாய்ப்பு ரொம்பக் குறைவு."

தான் நினைத்தது தப்பு என்று டாக்டர் ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஒரு சட்டைக் கையை மாற்றி வெட்டிவிட்டால் மூன்று நாள் துணி மேல் பழி போடுவேன்.

அப்போ பிறந்ததிலிருந்தே என்னோடு இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்தது, கல்யாணத்துக்கு வந்தது. விசித்திரமாக இருக்கிறது.

மே 10, சனி

அண்ணன் பழம் வாங்கி வந்தான், என் அறையைக் கூட்டினான். அறிக்கை வந்ததை நான் சொல்லவில்லை.

மே 14, புதன்

இன்றும் சொல்லவில்லை. "ஏன் இழுத்தடிக்கிறே?" என்று அவர் கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

ஏன்? சொன்னால் வருவதை நிறுத்திவிடுவான். முன்னெல்லாம் மாதம் ஒரு போன், அதிலும் பாதி சண்டை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது கட்டி மட்டுமில்லை. அவன் குற்ற உணர்ச்சியில் நான் சொகுசாகக் குடியேறிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

சொன்னேன். அறிக்கையைக் கையில் கொடுத்து, அந்த வரியை விரலால் காட்டினேன். அவன் உதடு அசைய அசைய வாசித்தான்.

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்லண்ணா. பத்து நாளா எனக்குத் தெரியும். சொல்லலை."

கோபப்படுவான் என்று நினைத்தேன். அறிக்கையை மடித்து வைத்தான். குண்டன் வந்து அவன் மடியில் தலை வைத்தது.

"கட்டி நான் வச்சதில்ல, சரி. ஆனா ஒரு வாரம் நீ வலியில சுருண்டு கெடந்தே. அப்பா உன்னைத் திட்டினாரு. நான் பக்கத்துலயே நின்னேன். அதுக்கு எந்த ஸ்கேன்ல இல்லைன்னு வரும்?"

 வாயில் வந்ததைச் சொன்னேன்: "அதுக்கு நீ என்கிட்ட மன்னிப்பே கேக்கலை. வாசல்ல நின்னு சைக்கிள்னுதான் சொன்னே."

நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் கேட்டான். சரியான வார்த்தையில், ஒரே ஒரு தடவை. சரி என்றேன். அவ்வளவுதான். டீ ஆறிப் போயிருந்தது, இருவரும் அப்படியே குடித்தோம்.

ஜூன் 23, திங்கள்

பட்டறைக்குத் திரும்பினேன். பாரம் தூக்கக் கூடாது, நாலு மணி நேரம்தான். முதல் வெட்டு ஒரு பள்ளிச் சீருடைக் கால்சட்டை. கத்தரிக்கோலின் கனம் மறந்து போயிருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

முழுத் தட்டு சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆறாவது மாத ஸ்கேன். கட்டி இருந்த இடத்தில் குடல் வந்து சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. மிஞ்சிய துண்டு கொஞ்சம் பெருத்திருக்கிறது, இரத்தத்தைப் பார்த்தால் வேலையும் ஒழுங்காகச் செய்கிறதாம். இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்.

வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்கேனுக்கு ஏன் தனியாகப் போனாய், நான் லீவு போட்டு வந்திருக்க மாட்டேனா, உனக்கு எப்பவும் திமிர் என்று ஆரம்பித்தான். நீ பஸ்ஸை ஓட்டு, என்னை ஓட்டாதே என்றேன். எனக்குப் புத்தியே கிடையாது என்றான். அது குடும்பச் சொத்து, மூத்தவன் நீதான் மொத்தமாக எடுத்துக்கொண்டாய் என்றேன். பட்டென்று வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நல்ல செய்தி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.